வீதி யாருக்கு?

பதுளை நகரம் கிண்ணமொன்றின் அடியில் வைத்தாற்போல் அமைந்த ஊர். நமுனுகுலை மலை காவல் நிற்க, சுற்றிலும் உயர்ந்தெழும் சரிவுகளிலிருந்து இறங்கும் வழிகளெல்லாம் இக்கிண்ணத்தின் அடியிலேயே வந்து கூடுகின்றன. பசறைப் பக்கமிருந்து ஒன்று, மகியங்கனைப் பக்கமிருந்து ஒன்று, ஹாலிஎல வழியாகப் பண்டாரவளையிலிருந்து ஒன்று, ஸ்பிரிங்வெலித் தோட்டப் பக்கமிருந்து ஒன்று என எல்லாத் திசையிலிருந்தும் மனிதர் வந்து சேர்வர். ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அதிலும் சம்பளம் கிடைத்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமையில், இந்நகரின் கடைவீதிகளைக் கண்டவர்களுக்கு மதுரைக்காஞ்சி கூறும் நாளங்காடி நினைவுக்கு வராமற் போகாது. தீபாவளிக்கு முந்திய வாரமாயின் சொல்லவே வேண்டியதில்லை.

அத்தகைய ஒரு ஞாயிறன்று, பஸ் நிலையத்துக்கு அண்மையில், வீதியைக் கடப்பதற்காக நான் நின்றிருந்தேன். என்னருகே தோட்டத்து மூதாட்டி ஒருவர். தலையிலே சுருட்டி வைத்த துணி, அதன்மேல் அரிசிப் பை; கையிலே கருவாட்டுப் பொட்டலமும் ஒரு குடையும். எங்கள் காலடியிலேயே மஞ்சள் கடவை இருந்தது. லொறி ஒன்று போயிற்று. பின்னால் பஸ் ஒன்று. அதன்பின் முச்சக்கர வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மூதாட்டி அசையவில்லை. நான் பொறுமையிழந்து கேட்டேன்.

"கடவையிலதானே நிக்கிறீங்க பாட்டி, ஏன் இறங்காம இருக்கீங்க?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா என்னும் பார்வை.

"வண்டியெல்லாம் போயிரட்டும் சேர். ரோட்டு நமக்கா போட்டாங்க? அதுங்களுக்குப் போட்டது. அதுங்க போன பொறகுதான் நாம."

அவ்வார்த்தை என்னை விட்டு நீங்கவில்லை. அன்றிரவு வீட்டில் அமர்ந்து எண்ணிப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. பாட்டி கூறியது சட்டப்படி பிழை. சரித்திரப்படியோ முற்றிலும் சரி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரத்துக்காகப் பிறந்த பாதை

ஊவாவின் வீதிகள் நடப்பவருக்காகப் பிறந்தவை அல்ல. 1817, 1818ஆம் ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லசையிலும் கிளர்ந்த எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயர், இம்மலைநாட்டைத் தம் கைக்குள் வைத்திருக்க வேண்டுமாயின் படை செல்லப் பாதை வேண்டும் என்று உணர்ந்தனர். பின்னர் கோப்பி வந்தது. கோப்பி மூட்டைகள் மலையிலிருந்து இறங்குவதற்கு வண்டிப் பாதை வேண்டியதாயிற்று. பதுளையிலே அதிகாரம் செலுத்திய மேஜர் ரோஜர்ஸ் என்பவர் இப்பகுதியில் வீதிகள் அமைப்பதில் முனைந்து நின்றார். யானை வேட்டையிலும் பேர்போன அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதே.

1848இல் வந்த வீதிச் சட்டம், வயது வந்த ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கலகத்துக்கு அச்சட்டம் ஊட்டிய வெறுப்பும் ஒரு காரணமாயிற்று. வீதியிலே வண்டி ஓட்டிப் பயன் பெறுபவன் ஒருவன். அதை வெட்டிக் கொடுப்பவன் மற்றொருவன் என்பதை அக்காலக் கிராம மக்கள் நன்கறிந்திருந்தனர்.

நம்மவர் கதை இதனினும் கொடிது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலே வீழ்ந்தவர் பலர். ஊவாவுக்கு வந்தவர்களுக்கோ அதன் பின்னும் நடை மிச்சமிருந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924இலேதான். நடந்து வந்த சமூகம் இது. மலையை வெட்டி வீதி சமைத்த கைகளில் இவர்களுடைய கைகளும் உண்டு. எனினும் அவ்வீதியின் ஓரத்தில் இவர்களுக்கென ஒரு முழ அகலம் ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் அதை வரைந்தவர் எவருக்கும் எழவில்லை. கோப்பிக்காகப் போட்ட பாதையில் தேயிலை இறங்கிற்று. மாட்டு வண்டி போன தடத்தில் லொறி போயிற்று. நடப்பவன் அன்று நின்ற கான் ஓரத்திலேயே இன்றும் நிற்கின்றான்.

குறுக்கு

தோட்டப்புறத்தை அறியாதவர்கள் மலைநாட்டின் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது மோட்டார் வீதியை மட்டுமே கருதுவர். ஆனால் மலைநாட்டிலே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் வீதி. பாரம் இழுக்கும் மாடு ஏறத்தக்க சாய்வில் அமைக்க வேண்டியிருந்ததனால் அது அப்படி வளைந்தது. மற்றொன்று 'குறுக்கு'. லயத்திலிருந்து பிரட்டுக்களத்துக்கும், கோயிலுக்கும், பாடசாலைக்கும், கடைக்கும் தேயிலைச் செடிகளிடையே நேராக இறங்கும் ஒற்றையடிப் பாதை. இதை எந்தப் பொறியியலாளரும் வரையவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த கால்களே வரைந்தன.

நகர அமைப்பாளர்கள் மேனாடுகளில் இத்தகைய தடங்களைத் தேடிப் போய்ப் படிக்கின்றனர். புல்வெளியில் மக்கள் மிதித்து உண்டாக்கிய தடத்தைக் கண்டால், மனிதன் எங்கே போக விரும்புகிறான் என்பது தெரிந்துவிடும். அங்கே பாதை அமைத்தல் அறிவுடைமை என்பர். அவ்வாறாயின் ஊவாவின் ஒவ்வொரு மலையும் விரித்து வைத்த ஓர் ஆய்வு நூல் அன்றோ!

இந்தக் குறுக்குகளின் வாயை உற்றுப் பாருங்கள். செங்குத்தான சரிவில் இறங்கும் பாதை, மண்ணில் வெட்டிய நாலைந்து படிகளோடு, சட்டென்று மோட்டார் வீதியில் வந்து விழுகிறது. பெரும்பாலும் அது ஒரு வளைவில் நிகழ்கிறது. ஒருபுறம் மலையை வெட்டிய சுவர், மறுபுறம் பள்ளம். இறங்கி வரும் சிறுவன் நின்று பார்ப்பதற்கு இரண்டடி சமதரை கிடையாது. வீதியில் வரும் சாரதிக்கோ அங்கே ஒரு வழி உண்டு என்பதே தெரியாது. எச்சரிக்கைப் பலகையும் இல்லை, கடவையும் இல்லை. காலையிலும் பகல் ஒன்றரை மணிக்குப் பின்னும் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக இறங்குமிடம் இதுவே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் பனிமூட்டமும் சூழ்ந்து, குடை காற்றில் திரும்பிக்கொள்ளும்போது, அந்தப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே வேறொரு காட்சி. அங்கே தண்டவாளமே பலருக்கு நடைபாதை. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவரும் வெளிநாட்டினர் அதன்மீது நடப்பது விநோதத்துக்காக. தோட்டத்து மக்கள் நடப்பது, வேறு சமதரை இல்லாமையால்.

கணக்கில் வராதவர்

நகரப் போக்குவரத்தை ஆராய்வோர் முதலிற் செய்வது எண்ணுதல். சந்தியிலே ஒருவரை நிறுத்தி, கால் மணிக்கு ஒரு முறை எத்தனை வாகனங்கள் எத்திசையில் சென்றன என்று குறிப்பர். எல்லா வாகனமும் ஒரே அளவினதல்ல ஆகையால், ஒரு மோட்டார் காரை ஒன்று எனக் கொண்டு, பஸ்ஸும் லொறியும் அதற்கு எத்தனை மடங்கு, சைக்கிள் அதில் எத்தனை பகுதி என்று ஒரு வாய்பாடு வகுத்துள்ளனர். பயனுள்ள வாய்பாடுதான். ஆனால் அதிலே நடந்து செல்லும் மனிதனுக்கு எண் இல்லை. அவனைத் தனியே எண்ண வேண்டும். தனியே எண்ண எவரேனும் நினைத்தாலன்றி அவன் கணக்கிலே வரமாட்டான்.

நடப்பவரையும் முறையாக அளக்கலாம் என்பது புதிய செய்தியன்று. ஜோன் புரூயின் என்னும் அமெரிக்கர் 1971இல் வெளியிட்ட நூலில், நடைபாதையில் ஒருவருக்கு எத்தனை இடம் கிடைக்கிறது என்பதைக் கொண்டு அதன் தரத்தைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். தம் விருப்பப்படி நடக்கும் நிலை முதற்படி. ஒருவரையொருவர் உராய்ந்து நகரும் நிலை கடைசிப்படி. இந்தியாவின் வீதிப் பொறியியல் நியமம் நடைபாதைக்குக் குறைந்தபட்சம் 1.8 மீற்றர் தடையற்ற அகலம் வேண்டும் என்கிறது. எதிரெதிரே வரும் இருவர், பையோடும் பிள்ளையோடும் விலகிச் செல்ல அவ்வளவேனும் தேவை.

பாட்டியின் வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தபடியால், உயர்வகுப்பு மாணவர் சிலரைக் காகிதமும் பென்சிலும் கடிகாரமும் கொடுத்து ஒரு சந்தியருகே நிறுத்தினேன். ஒரு நாளின் எண்ணைக் கொண்டு ஓர் ஊரை அளத்தல் தகாது. ஆதலின் அவர்கள் எழுதிய எண்களை இங்கே எடுத்துரைக்கப் போவதில்லை. அவர்கள் கண்டவற்றையே கூறுகிறேன். மக்களிற் பலர் கடக்கும் இடம் ஒன்று, கடவை வரைந்த இடம் மற்றொன்று. பஸ் நிற்குமிடத்துக்கு நேரே, தாம் போக வேண்டிய கடைக்கு நேரே கடக்கின்றனர். நடைபாதையில் கடைக்காரரின் பண்டங்களும் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும் இருக்கின்றன. தலையில் பாரம் உள்ளவர் வேறு வழியின்றி வீதியில் இறங்குகின்றார். கானை மூடிய பலகைக்கல்லே பல இடங்களில் நடைபாதை. ஒரு கல் பெயர்ந்திருந்தால் அங்கே நடைபாதை முடிந்தது. ஒரு மாணவி தன் குறிப்பின் அடியில் எழுதியிருந்தது இது: "ஒருவர் வீதியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கொரு காரணம் இருந்தது." ஆய்வென்றால் இதுவன்றோ ஆய்வு!

ஒன்பது விநாடி

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். இருவழி வீதியொன்றின் அகலம் 7 மீற்றர் என்க. திடமுள்ள ஒருவர் விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று பொறியியலாளர் நெடுங்காலமாகக் கணக்கிட்டு வந்துள்ளனர். அவர் அவ்வீதியைக் கடக்க ஏறக்குறைய 6 விநாடி போதும். தலையில் அரிசிப் பையுடன் மூதாட்டி ஒருவர் விநாடிக்கு 0.8 மீற்றர் நடந்தால், அவருக்கு ஏறக்குறைய 9 விநாடி வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் விநாடிக்கு 14 மீற்றர் கடக்கிறது. பாட்டி கடக்கும் நேரத்தில் அது 120 மீற்றருக்கும் மேல் வந்துவிடும். ஆகவே, இறங்கும்போதே 120 மீற்றர் தூரம் வரை கண்ணுக்குத் தெரிந்தாலன்றி அவர் தம் கண்ணை நம்பி இறங்க இயலாது. வளைவுகளால் ஆன ஊவா மலைப்பாதையில் நூற்றிருபது மீற்றர் நேராகத் தெரியும் இடத்தைத் தேடித்தான் காண வேண்டும். அவர் நின்றது மடமையால் அன்று. எழுத்தறியாத அம்மூதாட்டி இக்கணக்கைத் தம் உடம்பால் அறிந்திருந்தார்.

வேகத்தின் கொடுமை மற்றொன்றும் உண்டு. பிள்ளையொன்று குறுக்கே வந்துவிட்டது என்று சாரதி உணர்ந்து, காலைத் தடையில் வைக்க ஒரு விநாடி ஆகிறதென்போம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்த வாகனம், காய்ந்த சமதரையில், சுமார் 13 மீற்றருக்குள் முற்றாக நின்றுவிடும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்ததோ அந்தப் 13 மீற்றரையும் வேகம் சற்றும் குறையாமலே கடந்துவிடும். அப்போதுதான் சாரதியின் கால் தடையைத் தொடுகிறது. அது நிற்பதற்கு ஏறக்குறைய 28 மீற்றர் வேண்டும். இறக்கத்திலும் ஈர வீதியிலும் இன்னும் கூடும். பிள்ளை 13 மீற்றருக்கு அப்பால் நின்றிருந்தால், முதல் வாகனத்தின் முன் அது உயிரோடு நிற்கும். இரண்டாவதன் முன் நிற்காது. வித்தியாசம் மணிக்கு இருபது கிலோமீற்றர், அவ்வளவே.

மலை வீதிகள் வாகனத்தில் இருப்போரையும் விட்டுவைப்பதில்லை. 2021 மார்ச் 20ஆம் நாள் லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்ததையும், பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டதையும் ஊவாவில் மறந்தவர் இல்லை. ஆனால் பெருவிபத்துக்கள் செய்தியாகின்றன. வீதியோரத்தில் ஒருவராக, ஒருவராக வீழ்பவர்கள் செய்தியாவதில்லை. உலகில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் மடிகின்றனர் என்றும், அவர்களில் ஐந்திலொரு பங்குக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

கன்றின் பிழையா?

1896 ஆகஸ்டில் இலண்டனில் பிரிஜட் டிரிஸ்கல் என்னும் பெண் மோட்டார் வண்டி மோதி இறந்தார். மோட்டாரால் மாண்ட முதற் பாதசாரிகளில் ஒருவராக அவரைக் குறிப்பிடுவர். மரண விசாரணை செய்த அதிகாரி, இத்தகையது இனி ஒருபோதும் நிகழாதென நம்புவதாகக் கூறினாராம். அந்நம்பிக்கை என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம்.

தமிழருக்கு வீதி விபத்து வழக்கு புதியதன்று. திருவாரூர் வீதியிலே இளவரசனின் தேர் சென்றது. துள்ளி வந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு மணியை அசைத்தது. சிலப்பதிகாரம் நினைவுகூர்ந்த, பெரியபுராணம் விரித்துரைத்த இக்கதையைப் பிள்ளைகளுக்கு நீதிக் கதையாகக் கற்பிக்கின்றோம். அதை இன்னொரு விதமாகவும் படிக்கலாம். கன்று ஏன் வீதியில் ஓடிற்று, ஓரமாகப் போயிருக்கலாகாதா என்று சோழன் கேட்டிருக்கலாம். இன்று நாம் கேட்பது அதைத்தானே! அவன் அப்படிக் கேட்கவில்லை. வலிய தேரைச் செலுத்தியவனிடமே பொறுப்பைக் கண்டான்.

சுவீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997இல் ஏற்ற கொள்கையொன்று இதற்கு வெகுதூரத்தில் இல்லை. மனிதன் தவறக்கூடியவன், அத்தவறுக்கு உயிர் விலையாகாதபடி வீதியை அமைப்பவரே பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்நெறியைத் தழுவிய நகரங்களுள் நோர்வேயின் ஒஸ்லோவும் ஒன்று. 2019இல் அந்நகர வீதிகளில் பாதசாரி ஒருவரேனும் மாளவில்லை. அது மந்திரத்தால் விளைந்ததன்று. வேகத்தைக் குறைத்தனர், வாகனங்கள் நிறுத்துமிடங்களைக் குறைத்தனர், நடப்போருக்கு இடம் கூட்டினர்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. இங்கிலாந்திலே வரிக்குதிரைக் கடவை வழக்குக்கு வந்த அதே 1951ஆம் ஆண்டில்தான் நமது 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் வந்தது. கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை என்பதே வீதி விதி. பாட்டிக்கு அதை எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வண்டிகள் சொல்லவில்லை.

செய்யத் தக்கவை

பெருந்தொகை செலவிட்டு மலையைக் குடைந்து புதுவீதி போட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. நகரத்தில் கானை மூடும் கற்கள் பெயராமல் இருக்கட்டும். நடைபாதை நடப்பதற்கே இருக்கட்டும். மக்கள் உண்மையில் கடக்கும் இடத்தைப் பார்த்து அங்கே கடவை வரையட்டும்; இரவில் அதன்மேல் ஒரு விளக்கு எரியட்டும். தோட்டப்புறத்தில், ஒவ்வொரு குறுக்கின் வாயிலும் நாலு பேர் நிற்கத்தக்க ஒரு திட்டும், கைபிடிக் கம்பியும், இருபுறமும் ஓர் எச்சரிக்கைப் பலகையும் போதும். பாடசாலையருகே வேகத்தை முப்பதுக்கு இறக்கும் மேடொன்று போதும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று. நடைபாதை இல்லாத வீதியில், எதிரே வரும் வாகனத்தைக் காணும்படி வலப்புறமாக நடக்கவேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம், சரியே. ஆனால் மலைநாட்டுக்கு அதன் மறுபாதியும் வேண்டும். வலப்புறம் கூர்மையாகத் திரும்பும் வளைவு வருமுன்னரே மறுபுறம் கடந்துவிட வேண்டும். வளைவின் உட்புறத்தில் நடப்பவனை வாகனக்காரன் காணமாட்டான். இதனோடு, மாணவரைத் தத்தம் தோட்டத்துக் குறுக்குகளையும் அவை வீதியைத் தொடும் இடங்களையும் படமாக வரையச் சொல்லுங்கள். எந்த அலுவலகத்திலும் இல்லாத வரைபடம் அவர்கள் கையால் உருவாகும். அதை உரியவர்களிடம் கொடுங்கள். கணக்கில் வந்தவனைக் கைவிடுவது, கணக்கில் வராதவனைக் கைவிடுவதுபோல் எளிதன்று.

அன்று நாங்கள் கடந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன். நான் கையை உயர்த்திக்கொண்டு கடவையில் இறங்கினேன். பாட்டி என் பின்னால் வந்தார். தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய லொறி ஒன்று நின்றது. இளம் சாரதி, முகத்தில் கோபமில்லை, போங்கள் என்று தலையசைத்தான். நடுவீதியில் பாட்டி நின்றுவிட்டார். குடையையும் பொட்டலத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரு கைகளையும் கூப்பி, அந்தச் சாரதியைக் கும்பிட்டார். பிறகே நடந்தார்.

தமக்கு உரியதைப் பெற்றதற்காக ஒருவர் கும்பிட வேண்டியிராத நாளிலேதான், பதுளை வீதி அவருக்கும் போட்டது என்று நான் சொல்லத் துணிவேன்.